பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், தீவுக்குள் பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் வரைக்கும் பல வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. அறிவுசார் குறைபாடு உள்ள மகனையோ மகளையோ கூடப்பிறந்தவரையோ தங்கும் இல்லத்தில் சேர்த்திருப்பவர்களுக்கும், சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். என் தம்பியும் அப்படி ஓர் இல்லத்தில்தான் இருக்கிறான். அதனால் இதில் சட்டமும் இருக்கும், ஓர் அக்காவின் கவலையும் இருக்கும்.

பிள்ளையை இல்லத்தில் விடுவது பாவமா?

இல்லை. அம்மாவுக்கு அறுபது வயது, முழங்கால் வலி. மகனுக்கு முப்பது வயது, வலிப்பு வந்து விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், அல்லது வளைகுடாவில் இருக்கிறார். இந்த நிலையில் நல்ல இடம் தேடுவது பொறுப்பான காரியம். விட்டுவிட்டு வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கோ பெருநாளுக்கோ எட்டிப் பார்ப்பதுதான் ஆபத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைக்கு இருப்பது மனநோயா, மனவளர்ச்சிக் குறைவா? இல்லம் தேடும்போது அது முக்கியமா?

ரொம்ப முக்கியம். மனவளர்ச்சிக் குறைவு என்று நாம் சொல்லும் அறிவுசார் குறைபாடு பிறப்பிலோ சின்ன வயதிலோ வருவது. கற்பதும் புரிந்துகொள்வதும் அன்றாட வேலைகளைத் தானே செய்வதும் மெதுவாக நடக்கும். பயிற்சியால் நிறைய மாறும், மாத்திரையால் போகாது. மனநோய் பெரும்பாலும் வளர்ந்த பிறகு வரும், சிகிச்சையால் கட்டுப்படும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சட்டமும் தனித்தனி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு உரியவை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமும். பிறவியிலேயே அறிவுசார் குறைபாட்டைக் கொண்டுவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள இருபது வயதுப் பையனை மனநோயாளிகளுக்கான இல்லத்தில் கொண்டுபோய் விட்டால், அவனுக்கு வேண்டிய பயிற்சி அங்கே கிடைக்காது. வேண்டாத மாத்திரை கிடைக்கலாம்.

ஏர்வாடித் தீ விபத்து மனநோயாளிகள் இல்லத்தில் நடந்தது. அதற்கும் எங்கள் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் இல்லத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில் அங்கிருந்த அந்த மாதிரி இல்லங்களை மூடி, 500க்கும் மேற்பட்டவர்களை அரசுப் பொறுப்பில் எடுத்தார்கள்.

அந்த 28 பேரும் மனநோயால் மட்டும் சாகவில்லை, தீயால் மட்டும் சாகவில்லை. தானாக எழுந்து வெளியே ஓட முடியாதபடி அவர்களை வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குக் கட்டாமலேயே அந்த நிலைமைதான். தீ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது, சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவார்கள். அதனால் இல்லத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே யார் விழித்திருப்பார்கள், சாவி யார் இடுப்பில் இருக்கும்?

இன்னொன்று. மனநலச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடுக்கிறது. துப்பட்டாவால் கட்டிலோடு கட்டினால் அது கட்டுவது ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ அழைத்துப் போய் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இல்லம் பதிவு பெற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இல்லம் நடத்தக்கூடாது. சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். அதில் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப் பதிவும் தேவை. சந்தேகம் இருந்தால் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். தீயணைப்புத் துறைச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல இல்லம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது.

சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தால் போதுமா?

போதாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகவே நடந்தது. பதிவு உண்டு, பணத்துக்குப் பஞ்சமில்லை, கட்டடம் புதுசு. 2011இல் பிபிசி ரகசியக் கேமரா வைத்துப் படம் பிடித்தபோது, ஊழியர்கள் அங்கிருந்தவர்களை அடிப்பதும் தரையில் போட்டு அழுத்துவதும் வெளியே வந்தது. 11 பேர் தண்டனை பெற்றார்கள், அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். அதற்கு முன்பே அங்கே வேலை பார்த்த ஒரு செவிலியர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் சொல்லியிருக்கிறார். யாரும் காது கொடுக்கவில்லை.

கொடுமை ஏழை இல்லத்தில்தான் நடக்கும் என்ற நினைப்பு தவறு. வெளியாள் கண் படாத இடத்தில் நடக்கும். சொந்தக்காரர்கள் வந்துபோகிற, கல்லூரிப் பிள்ளைகள் வந்து விளையாடுகிற, வாரத்துக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிற சின்ன இல்லத்தை நான் பெரிய கேட் போட்ட பங்களாவைவிட நம்புவேன்.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். பகல் ஊழியர்கள் கிளம்பிப்போன பிறகு இருக்கிற இல்லம்தான் நிஜமான இல்லம். நாற்பது பேருக்கு ராத்திரியில் ஒரே ஓர் ஆயா என்றால், அந்த அம்மா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது பாதுகாப்பான இடமில்லை.

குளியலறைக்குப் போங்கள். தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, கதவு இருக்கிறதா? பல இடங்களில் பெரியவர்களை வரிசையாக நிற்க வைத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றுவார்கள். "அவங்களுக்கு வெட்கம் எல்லாம் தெரியாதுங்க" என்பார்கள். தெரிகிறதோ இல்லையோ, அது அவர்கள் உடம்பு. நம் மாவட்டத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு பெரிய காரணமாகச் சொல்லப்படும். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரியது, வராத நாளில் லாரித் தண்ணீரா, உப்புக் கிணறா என்று கேளுங்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் குறைவது குளியலும் துணி துவைப்பதும்தான். சொறி சிரங்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பிறகு துணி அலமாரி. ஒவ்வொருவருக்கும் தனித் துணி, தனிப் பல் துலக்கி, தனிச் சீப்பு இருக்கிறதா, இல்லை துவைத்த குவியலில் கைக்கு வந்ததை மாட்டிவிடுகிறார்களா? உங்கள் மகளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த நீலச் சுடிதார் வேறொரு பெண் மேல் இருந்தால், அந்த இல்லம் உங்கள் மகளைத் தனி ஆளாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் இருங்கள். கடற்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் மெல்லத் தெரியாதவருக்குச் சாளை முள் எமன். முள் எடுத்து, பிசைந்து, உட்கார வைத்து, ஒவ்வொரு வாயாக ஊட்டுகிற கை இருக்கிறதா என்று பாருங்கள். படுக்க வைத்து ஊட்டினாலோ, அவசரமாகத் திணித்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். அப்படி வருகிற நிமோனியா இவர்களுடைய மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. சாப்பிடும்போது அடிக்கடி இருமுகிறவரைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடைசியாக, அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். ஊழியர் பக்கத்தில் வந்ததும் சிரிக்கிறார்களா, தோளைக் குறுக்கிக்கொள்கிறார்களா? இதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

கடல் பக்கத்தில் இருக்கிறது, ஓடிவிடுவார்கள். பூட்டி வைத்தால் என்ன தப்பு?

பயம் நியாயம்தான். வெளிவாசலுக்குத் தாழ்ப்பாளும் ஆளும் வேண்டும். ஒவ்வோர் அறையையும் வெளியிலிருந்து பூட்டுவது வேறு. அதில்தான் தீயில் மாட்டிக்கொள்வார்கள். கிணற்றுக்கு மூடி, சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை, அக்கம்பக்கத்துக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் பிள்ளைகளை அறிமுகப்படுத்தி வைப்பது, இவையெல்லாம் பூட்டைவிட நன்றாக வேலை செய்யும். தினமும் சாயங்காலம் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனால், திருட்டுத்தனமாக ஓடுகிற ஆசையே பாதி குறைந்துவிடும்.

வாய் பேசத் தெரியாத பிள்ளை. வலித்தாலோ யாராவது அடித்தாலோ எங்களுக்கு எப்படித் தெரியும்?

உடம்பும் நடத்தையும் சொல்லும். புதுசாக வந்த எந்த மாற்றத்தையும் "அது அவன் குணம்" என்று ஒதுக்கக்கூடாது.

என் தம்பி ஒரு சமயம் வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சோற்றைத் தள்ளினான், ராத்திரி கத்தினான். முரட்டுத்தனம் கூடிவிட்டது, மாத்திரையைக் கூட்டலாம் என்று பேச்சு வந்தது. அங்கே ஓர் ஆயாம்மா மட்டும், "தம்பி ஒரு பக்கமாவே மெல்லுறான், பாருங்க" என்றார். பல் மருத்துவர் பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கியதும் அறைவது நின்றது. மாத்திரையைக் கூட்டியிருந்தால் அவன் வலியோடு தூங்கியிருப்பான், அவ்வளவுதான்.

காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இந்த நான்கையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலை லேசாக எடுத்துக்கொள்வார்கள். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிரே போகலாம், சில மனநல மாத்திரைகள் அதை இன்னும் கூட்டும். அதனால் யார் எப்போது வெளிக்குப் போனார் என்று நோட்டில் குறிக்கிற இல்லம் நல்ல இல்லம். மாதம் ஒருமுறை எடை பார்ப்பதும் அப்படித்தான். காரணமில்லாமல் எடை இறங்கினால் பின்னால் ஏதோ இருக்கிறது.

அடி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் நீங்களே குளிப்பாட்டுங்கள். மேல்கை உள்பக்கம், தொடை, முதுகு, காதுக்குப் பின்னால் பாருங்கள். விரல் பதிந்த மாதிரிக் கன்றிய தடம், மணிக்கட்டில் வளையம் போன்ற தழும்பு, ஒரே அளவில் வட்டமான சூடு இருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். திரும்பப் போகும்போது அழுவதெல்லாம் இயல்பு. ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்ததும் சிறுநீர் கழித்துவிட்டால் அது இயல்பு இல்லை.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு இல்லத்தில் என்ன தனிக் கவனிப்பு வேண்டும்?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. ஆகவே இல்லத்தில் இருக்கிற எல்லா ஊழியருக்கும், சமையல்காரர் உட்பட, என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தனியாகக் குளிக்க விடக்கூடாது. கிணற்றடி, அடுப்படி, கடல் எல்லாவற்றிலும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

மாத்திரை கொடுத்ததும் கையெழுத்துப் போடுகிற அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். தூக்க மாத்திரையோ அமைதிப்படுத்தும் மாத்திரையோ புதிதாகச் சேர்த்தால், எதற்கு, எவ்வளவு நாளைக்கு, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்பது உங்கள் உரிமை. ஆள் பற்றாக்குறையை மாத்திரையால் சரிக்கட்டக் கூடாது.

பெண் பிள்ளையை நம்பி விடலாமா?

குளிப்பாட்டவும் உடை மாற்றவும் இரவுப் பணிக்கும் பெண் ஊழியர்கள் இருக்கிறார்களா என்பது முதல் நிபந்தனை. பெண்களும் பிள்ளைகளும் தங்கும் இல்லங்களுக்குத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் தனி ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால், மறைத்தவர் மேலேயே போக்சோ சட்டப்படி வழக்கு வரும்.

மாதவிடாய் தொல்லை என்று கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை பெறும் தன்மையைப் போக்கும் எந்தச் சிகிச்சையையும் அவள் விவரம் அறிந்து தானாகத் தரும் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதோடு, கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் ஆகாது, பலாத்காரம் நிற்காது. துணி மாற்றக் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். பொறுமைதான் வேண்டும்.

புயல், மழைக் காலத்தில்?

தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் கடல் கொண்டுபோன கரை இது. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. அக்டோபருக்கு முன்பே இல்லத்தில் கேளுங்கள்: இரண்டு வாரத்துக்கு மாத்திரை இருப்பு இருக்கிறதா, கரண்ட் போனால் மோட்டார் ஓட ஜெனரேட்டர் உண்டா, எந்தப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போவார்கள், நடக்க முடியாதவர்களை எந்த வண்டியில் ஏற்றுவார்கள்? தீவுக்குள் இருக்கும் இல்லம் என்றால் பாம்பனைத் தாண்ட முடியாத நாளுக்கும் திட்டம் வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் கூட்டத்தில், இரைச்சலில் தவித்துப்போவார்கள். மழை இல்லாத நாளில் ஒருமுறை அந்த மையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டி வைத்தால் பெரிய உதவி.

குறை சொன்னால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே?

எல்லோருடைய பயமும் இதுதான், எனக்கும் உண்டு. சின்னக் குறை என்றால் முதலில் பொறுப்பாளரிடம் நேரில் பேசி, அதையே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் இன்னும் இரண்டு பெற்றோரோடு போனால் பேச்சின் எடையே வேறு.

அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்றால் பேச்சுவார்த்தை வேண்டாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம், பெற்றோராக இருக்கத் தேவையில்லை. போலீசுக்கு 112, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 1098. மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு அடிப்பதும், பொறுப்பில் இருந்துகொண்டு வேண்டுமென்றே சோறு தண்ணீர் கொடுக்காமல் இருப்பதும் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100.

உதவித்தொகை, நன்கொடை விஷயங்கள்?

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குத் தமிழ்நாடு அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வங்கிக் கணக்குப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் இல்லத்தாரிடம் இருந்தால், எதற்குச் செலவானது என்று கணக்குக் கேளுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், புதுப்பிக்க மறக்காதீர்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்சாப்பில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு பிரார்த்தனைப் பாட்டு பாட வைத்துவிட்டுப் பிரியாணி போடுவது தர்மம் ஆகாது.

எங்களுக்குப் பிறகு யார்?

பதினெட்டு வயது ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமன உத்தரவு வாங்க வேண்டும். அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே கூடப்பிறந்தவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் கணக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் அவரை நீக்கவும் வழி உண்டு. இல்லம் நடத்துகிறவரையே காப்பாளராக்குவதை நான் விரும்ப மாட்டேன். பராமரிப்பதும் அதைக் கேள்வி கேட்பதும் ஒரே ஆளாக இருந்தால் கேள்வி கேட்க யாருமில்லை.

சேர்க்கிற நாளில் இல்லத்துக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

ஒரு முழுத் தாளில் தெளிவாக எழுதுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எது ஒத்துக்கொள்ளாது. வலிப்பு எப்படி ஆரம்பிக்கும். சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவான், பசித்தால் என்ன செய்வான், வலித்தால் எங்கே கை வைப்பான். எந்தச் சத்தத்துக்குப் பயம். எந்தப் பாட்டு போட்டால் அடங்குவான், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். தொழுகையோ சாமி கும்பிடுவதோ ஞாயிறு பூசையோ அவனுக்குப் பழக்கம் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று அலுவலகக் கோப்புக்கு. இன்னொன்றை இரவுப் பணியாளர் கையில் இருக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் நீங்களே நின்று ஒட்டச் சொல்லுங்கள். மாத்திரை மாறினால் அன்றைக்கே இரண்டையும் மாற்றி எழுதிக் கொடுங்கள்.